கழுத்துப் பிடிப்பும் ஏ.ஆர். காப்பியும்

திருச்சியிலிருந்து மதுரைக்கு வாடகைக் காரில் போகும்போது, விராலிமலை தாண்டி ஒரு குட்டியானை லோடு வண்டி பின்னால் வந்து இடித்தது. பம்பர் நசுங்கியது, யாருக்கும் ரத்தமில்லை. டிரைவர் தம்பிகள் இரண்டு பேரும் ரோட்டோரத்திலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். நானும் டீ குடித்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

மறுநாள் காலையில் கழுத்து திரும்பவில்லை. இந்த மாதிரி அடி பல பேருக்கு ஒரு நாள் கழித்துத்தான் தெரியும். நான் இருக்கும் கனடாவின் பிராம்ப்டனில் என்றால், கழுத்து, முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டரிடம் போயிருப்பேன், செலவைக் கார் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். அந்த இன்சூரன்ஸ் கனடா, அமெரிக்காவோடு சரி. கையில் இருந்தது பயணக் காப்பீடு மட்டும். போன் போட்டால் முதல் கேள்வியே, "ஆஸ்பத்திரி ரெக்கார்டு இருக்கா?"

அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குப் போனேன். டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டை, அதாவது ஏ.ஆர்.-ஐ, விரித்தார். கூட வந்தது யார், எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி இடித்தது, அடையாள மச்சம் இரண்டு. ஐம்பத்திரண்டு வயதில் மச்சம் தேடியது தனிக் கதை. இடித்த நேரத்தையும் பரிசோதித்த நேரத்தையும் தனித்தனியே எழுதினார். அன்றைக்கே வந்திருந்தால் அந்த இடைவெளிக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. பிறகு ஸ்டேஷனில் புகார், புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது. எஃப்.ஐ.ஆர். போட்டதும் அதைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே இறக்கிக்கொண்டேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் வீண் அலைச்சல். "பக்கத்துத் தெருவுல சுளுக்கு எடுக்கிறவர் இருக்கார், ஒரு சொடுக்குல சரியாயிடும், போடி." டவுனில் கைரோ போர்டும் பார்த்தேன். பிராம்ப்டன் இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் மாதிரி கைரோபிராக்டருக்கென்று பதிவுக் கவுன்சில் இங்கே கிடையாது என்பதால் தயங்கினேன்.

கடைசியில் அதே ஆஸ்பத்திரியின் சித்தா பிரிவுக்குத்தான் போனேன். தொக்கணம், அதாவது சித்த மருத்துவ மசாஜ், பண்ணுவார்கள் என்று நினைத்தால், அந்த டாக்டரம்மா கழுத்தைத் தொடவே இல்லை. "மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம்மா? தைராய்டு மாத்திரை போடுறீங்களா?" ஆறு வருடமாக ஒரே டோஸ் என்றேன். தைராய்டு மாத்திரை அளவு மீறினால் எலும்பு தேயுமாம், மாதவிலக்கு நின்றவர்களுக்கு இன்னும் கூடுதலாக. எலும்பு எப்படி இருக்கிறதென்று தெரியாமல் கழுத்தைச் சொடுக்க விடக் கூடாது என்று எக்ஸ்ரேவுக்கும் தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். ரத்த டெஸ்டுக்கும் எழுதிக் கொடுத்தார்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. டி.எஸ்.ஹெச். 0.1. குறைந்தது 0.4 இருக்க வேண்டும்; இறங்கியிருந்தால் மாத்திரை அளவு கூடிப்போச்சு என்று அர்த்தம். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடமும் பிசியோவும் போதும் என்றார்கள், பத்து நாளில் திரும்பியது. பிராம்ப்டன் வந்ததும் குடும்ப டாக்டர் டோஸைக் குறைத்து, எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கும் அனுப்பினார்.

பயணக் காப்பீட்டுக்காரர்கள் ஏ.ஆர். காப்பியின் ஆங்கில எழுத்து புரியவில்லை என்று டைப் அடித்துத் தரச் சொல்கிறார்கள். ஊரில் என் தம்பி மறுபடி ஆஸ்பத்திரிக்கு நடக்கிறான்.