மைநேதா: வேட்பாளரின் பேச்சை ஆவணத்தோடு ஒப்பிட உதவும் தளம்

"என் மீது ஒரு வழக்குகூடக் கிடையாது" என்று வேட்பாளர் முழங்குகிறார். "ஐந்தே ஆண்டுகளில் இவருடைய சொத்து பல மடங்கு பெருகிவிட்டது" என்று எதிரணி குற்றஞ்சாட்டுகிறது. இவற்றில் எது உண்மை என்று அறிய விரும்பும் வாக்காளர் முதலில் திறக்க வேண்டியது, ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்திவரும் மைநேதா என்ற இணையதளமே என்பது என் உறுதியான கருத்து. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் 1999-இல் தொடங்கிய இந்தச் சங்கம் தொடுத்த வழக்கில்தான், வேட்பாளரின் குற்றப் பின்னணி, சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றை அறிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதத்தில் தீர்ப்பளித்தது.

வேட்புமனுவுடன் தாக்கலாகும் படிவம் 26 என்னும் பிரமாணப் பத்திரத்தைப் பிரித்து, ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பக்கமாக இத்தளம் தருகிறது. அந்தப் பக்கத்திலேயே அவர் முன்பு போட்டியிட்ட தேர்தல்களில் காட்டிய சொத்து மதிப்பும் வழக்குகளின் எண்ணிக்கையும் இடம்பெறுவதுதான் இதன் பெரும் பலம் என்பேன். 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்கள் இரண்டிலும் நின்ற ஒருவரின் கணக்கை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது தவறு. சாலை மறியலிலும் ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொண்டவர்கள் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவது தமிழ்நாட்டில் வழக்கமாக இருந்தது என்பதால், இருபது வழக்குகள் உள்ள ஒருவர் போராட்டக்காரராக இருக்கலாம். ஒரே வழக்கு உள்ளவர் மீதான குற்றச்சாட்டு கொலை முயற்சியாகவும் இருக்கலாம். பிரிவு எண், நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வனையப்பட்டுள்ளதா (விசாரணைக்காக முறைப்படி பதிவாகியுள்ளதா), தண்டனை விதிக்கப்பட்டுள்ளதா என்ற விவரங்களை இத்தளம் தனித்தனியே காட்டுவதால், பொறுமையாகப் படிப்பவருக்கு இந்த வேறுபாடு தெளிவாகவே புலப்படும். 2024 ஜூலை முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சொத்து விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பரம்பரை நிலம் ஒன்றின் சந்தை மதிப்பு உயர்ந்தாலே, புதிதாக ஒரு சென்ட்கூட வாங்காதவரின் சொத்து இரு மடங்காகத் தெரியும். எனவே மொத்தத் தொகையோடு நின்றுவிடாமல், பிரமாணப் பத்திரத்தின் அசையா சொத்துப் பட்டியலில் அது பரம்பரைச் சொத்தா, வாங்கப்பட்டதென்றால் எந்தத் தேதியில், என்ன விலைக்கு என்று கேட்கும் வரிகளைப் படியுங்கள். முந்தைய தேர்தலுக்குப் பிறகான தேதி அங்கே இருந்தால்தான், எதிரணியின் குற்றச்சாட்டை மேலும் ஆராய இடமுண்டு.

இங்குள்ளவை அனைத்தும் வேட்பாளரே உறுதிமொழி அளித்துச் சொன்னவை. பொய்யான தகவல் தந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம் என்றாலும், ஒவ்வொரு வரியையும் யாரோ சரிபார்த்துச் சான்றளித்திருக்கிறார்கள் என்று இத்தளத்தைப் பார்ப்பவர் எண்ணிவிடக் கூடாது. ஐயம் எழுந்தால் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் மூலப் பத்திரத்தின் நகலையே பார்த்துவிடுவது நல்லது.

இத்தளத்தில் நான் காணும் பெருங்குறை மொழி சார்ந்தது. நம் ஊர் வேட்பாளர்கள் பலர் தமிழிலேயே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்கிறார்கள்; அதன் சுருக்கமோ இத்தளத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு வார அளவே அவகாசம் இருப்பதால், ஆங்கிலம் அறியாத வாக்காளர் அதற்குள் பிறர் உதவியைத் தேட வேண்டியிருக்கிறது. வழக்கு, சொத்து, கடன் ஆகிய மூன்று பகுதிகளின் தலைப்புகளையாவது தமிழில் தந்தால், கிராமத்து இளைஞர் ஒருவர் தன் கைப்பேசியிலேயே தொகுதி வேட்பாளர்கள் அனைவரையும் ஒரு மாலைப் பொழுதில் ஒப்பிட்டுப் பார்த்துவிட முடியும்.