முகாமுக்கு எந்தக் கையுறை: தோலா, ரப்பர் பூச்சா, வெட்டுத் தடுப்பா?

அடுப்புக்கு வெளியே உருண்டு விழுந்த கொள்ளிக்கட்டை ஒன்றை உள்ளே தள்ளுவதற்காக, கையில் ஏற்கெனவே போட்டிருந்த, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூசிய கையுறையோடு அதைப் பிடித்தேன். ஓரிரு நொடிக்குள் ஆள்காட்டி விரலின் உட்பக்கத்தில் பூச்சு குமிழ்விட்டது. அடியிலிருந்த நைலான் பின்னல் இளகி விரலோடு ஒட்டிக்கொண்டது. கையுறையைக் கழற்றியபோது நகத்தளவு தோலும் உடன் உரிந்து வந்தது. அன்று பிற்பகல் முழுவதும் கூடாரக் கயிறுகளை இழுத்துக் கட்டவும் முளைகளைப் பிடுங்கவும் என் கைகளைப் பழுதின்றிக் காத்தது அதே கையுறைதான். அது தரம் குறைந்த பொருள் அன்று. நான் அதனிடம் கேட்ட வேலைதான் தவறானது. அதனால்தான், முகாம் வேலைகளுக்கான கையுறைகளை ஒப்பிடும்போது விலையையோ தடிமனையோ பார்ப்பதற்கு முன், அந்தக் கையுறை நெருப்பின் அருகே போகுமா போகாதா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறேன்.

நெருப்புக்கு அருகே போகலாம் என்ற பக்கத்தில் நிற்பது தோல் கையுறை. தோல் உருகுவதில்லை, மிகுந்த சூட்டில் சுருங்கிக் கருகுமே தவிர, கையோடு ஒட்டிக்கொள்ளாது. நைலானும் பாலியஸ்டரும் ஏறத்தாழ 220 முதல் 265 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடுகின்றன. கனன்று கொண்டிருக்கும் விறகுத் தணலோ 600 டிகிரியைத் தாண்டும். இந்த இடைவெளியைப் பார்த்தால், விறகு தள்ளுவதற்கும் சூடான பாத்திரத்தின் கைப்பிடியைத் தூக்குவதற்கும் செயற்கை இழையில் எதையும் நம்ப முடியாது என்பது தெளிவாகும். ஆனால் தோலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அது உலர்ந்திருக்க வேண்டும். காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக நீர் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நனைந்த தோல் கையுறையோடு சூடான இரும்பைப் பிடித்தால், உள்ளிருக்கும் ஈரமே ஆவியாகி விரலைச் சுட்டுவிடும். நனைந்ததை அவசரமாகக் காயவைக்க நெருப்பின் அருகே வைப்பதும் தவறு. சுருங்கி, மரப்பட்டைபோல் விறைத்து, அதன்பின் விரல் மடங்காத கையுறையாகிவிடும். நிழலில், காற்றோட்டத்தில் மெல்லக் காயவிட வேண்டும்.

தோலிலும் எல்லாம் ஒன்றல்ல. மலிவாகக் கிடைக்கும் சொரசொரப்பான மாட்டுத்தோல் கையுறைகள் பெரும்பாலும் பிளந்தெடுத்த கீழ்ப்படலத்தால் ஆனவை. அவை தடிமனாக இருந்தாலும் நீரை விரைவில் உறிஞ்சும், விரல்நுனியில் தொடுவுணர்வே இராது. மேற்படலம் குலையாத ஆட்டுத்தோல் அதைவிட மெல்லியதாக இருந்தும் கிழியாமல் உழைக்கிறது, கையின் வடிவுக்கு விரைவில் பழகிக்கொள்கிறது. உள்துணி தைக்காத ஆட்டுத்தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு என்னால் சுள்ளி ஒடிக்க முடிகிறது, கயிற்றில் எளிய முடிச்சும் போட முடிகிறது; தடித்த மாட்டுத்தோலில் முடிச்சுக்காக ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அடிக்கடி கழற்ற வேண்டிய கையுறை, தேவைப்படும் நொடியில் கையில் இருப்பதில்லை.

இனி ரப்பர் பூச்சு. நைலான் அல்லது பாலியஸ்டர் பின்னலின் உள்ளங்கைப் பகுதியில் மட்டும் நைட்ரைலோ இயற்கை ரப்பரான லேடெக்ஸோ பூசப்பட்ட இவை, நெருப்பில்லாத வேலைகளில் தோலை வென்றுவிடுகின்றன என்பதே என் முடிவு. ஈரக் கயிறும் சேறு படிந்த முளையும் தோல் கையுறையில் வழுக்கும். மணல் பரப்பு கொண்ட நைட்ரைல் பூச்சில் உறுதியாக நிற்கும். புறங்கை பூசப்படாமல் இருப்பதால் வேர்வை வெளியேறுகிறது. துவைத்தால் விரைவில் உலர்ந்துவிடுகிறது. லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முகாமில் நைட்ரைலையே எடுத்துச் செல்வது நல்லது. ஒரே ஒரு இடத்தில் இங்கும் எச்சரிக்கை தேவை: பலத்த காற்றில் தார்ப்பாயின் கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டு ஓடும்போது உராய்வினால் எழும் சூடு மெல்லிய பூச்சைத் தேய்த்துவிடும். அந்த வேலைக்கு உள்ளங்கையில் இரட்டைத் தோல் தைத்ததே ஏற்றது.

வெட்டுத் தடுப்புக் கையுறைகளைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். இவற்றில் இரு குடும்பங்கள் உள்ளன. ஒன்று, டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபானி குவோலெக் 1965-இல் கண்டறிந்த இழையிலிருந்து வந்த கெவ்லார். அது உருகாது, ஆனால் வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். மற்றொன்று உயர்திறன் பாலிஎத்திலீன். கத்திக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். பார்வைக்கு இரண்டும் பின்னல் கையுறைதான் என்பதால் அட்டையைப் படிக்காமல் வாங்கக் கூடாது. இவை எதுவும் முள்ளைத் தடுக்காது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னலின் கண்கள் வழியே முள் நேராக உள்ளே போய்விடும். முட்புதரை விலக்க மேற்படலத் தோல்தான் வேண்டும்.

கையுறையின் மேல் அச்சிட்டிருக்கும் ஈஎன் 388 என்ற ஐரோப்பியத் தரக் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும். அதிலுள்ள நான்கு எண்கள் முறையே தேய்மானம், அலகு வெட்டு, கிழிசல், துளைப்பு ஆகியவற்றுக்கானவை. அவற்றைத் தொடரும் ஏ முதல் எஃப் வரையான எழுத்து மற்றொரு வெட்டுச் சோதனையில் கையுறை தாங்கும் விசையின் அளவு; ஏ என்பது 2 நியூட்டன், எஃப் என்பது 30 நியூட்டன். எண்ணின் இடத்தில் எக்ஸ் இருந்தால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று பொருள். துளைப்புச் சோதனையில் பயன்படுவது ஊசியைவிடத் தடித்த எஃகு முனை என்பதால், அதில் 4 பெற்ற கையுறையிலும் மெல்லிய முள் ஏறலாம். வெப்பத்துக்கு ஈஎன் 407 என்ற தனித் தரம் உண்டு. தொடுவெப்பத்தில் நிலை 1 என்றால் 100 டிகிரி, நிலை 2 என்றால் 250 டிகிரி, அதுவும் 15 நொடிக்குத்தான்.

வெட்டுத் தடுப்பின் உண்மையான இடம், ரம்பம் பிடிக்காத கை. மடக்கு ரம்பத்தால் அறுக்கத் தொடங்கும்போது அலகு மரத்தில் பதியாமல் துள்ளி, கிளையைப் பிடித்திருக்கும் கையின் பெருவிரல் மேல் இறங்குவது வழக்கமான விபத்து. செதுக்குக் கத்தி வேலையிலும் அப்படியே. கோடாரிக்கு மட்டும் எதை அணிந்தாலும் அது கையோடு இறுக்கமாக இருக்க வேண்டும். தொளதொளத்த கையுறைக்குள் காம்பு திரும்பிவிடுமானால் வெறுங்கையே பாதுகாப்பு.

குளிருக்கென்று தனிக் கையுறை தேவையில்லை. தோல் கையுறைக்குள் மெல்லிய கம்பளி உள்ளுறை போதும், அதற்கேற்ப ஓர் அளவு பெரியதாக வாங்கினால் சரி. அளவை ஊகிக்கவும் வேண்டாம். பெருவிரலை விட்டுவிட்டு, விரல்முட்டிகளுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளக்க வேண்டும். ஏறத்தாழ 203 மில்லிமீட்டர் வந்தால் அளவு 8. என் பையில் இப்போது இரண்டு ஜோடிகள் இருக்கின்றன: கயிற்றுக்கும் முளைக்கும் நைட்ரைல், விறகுக்கும் அடுப்புக்கும் ஆட்டுத்தோல். அடுப்பு மூட்டியவுடன் நைட்ரைல் ஜோடி பைக்குள் போய்விடுகிறது. தோல் ஜோடி விறகுக் குவியலின் மேல் காத்திருக்கிறது.