புது டயர் மாட்டியபின் நெடுஞ்சாலையில் அதிர்வு: மீண்டும் பேலன்சிங்கா, ரோடு ஃபோர்ஸா, டயரைத் திருப்பிக் கொடுப்பதா?

பெங்களூருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் காருக்குச் சக்கர அதிர்வு இருப்பது பல மாதங்கள் தெரியாமலே போகலாம். சில்க் போர்டு நெரிசலில் வண்டி 40-ஐத் தாண்டினாலே பெரிது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் புறப்படுமுன் நான்கு டயரையும் மாற்றிக்கொண்டு, அத்திபெலேவும் ஓசூரும் கடந்து கிருஷ்ணகிரிச் சாலையில் வேகம் 80-ஐத் தாண்டும்போதுதான் ஸ்டீயரிங் கையில் நடுங்கத் தொடங்கும். திரும்பி வந்து விசாரித்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: அலைன்மென்ட் பார், பேலன்சிங்கை மறுபடி செய், ரோடு ஃபோர்ஸ் இயந்திரம் உள்ள கடைக்குப் போ, டயரையே மாற்றிக் கேள். இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு கோளாறைத் தீர்ப்பது.

முதலில் நடுக்கம் எப்படிப் பிறக்கிறது என்ற கணக்கு. 185/65 ஆர்15 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 14 முறை சுழல்கிறது. ரிம் விளிம்பில் வெறும் 20 கிராம் எடை ஒருபக்கமாக மிகுந்திருந்தால், அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 3 கிலோ எடைக்கு இணையான விசையோடு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அச்சை இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்வாசியாகக் குறைந்துவிடும். நகருக்குள் ஒன்றும் தெரியாததன் காரணம் இதுவே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபின்னும் அதே வேகத்தில் அதிர்வு நீடித்தால் சக்கரங்களைச் சந்தேகிக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்தால், எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டையும், பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக் டிஸ்க்கையும் பார்க்க வேண்டும். அந்த இரண்டுக்கும் டயர்க் கடையில் மருந்து இல்லை.

சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டை இந்தப் போட்டியிலிருந்து உடனே விலக்கிவிடலாம். வண்டி ஒருபக்கம் இழுப்பதையும் டயர் ஓரம் மட்டும் தேய்வதையும் அது சரிசெய்யும். குறிப்பிட்ட வேகத்தில் எழும் நடுக்கத்தை அது தீர்ப்பது மிக அரிது. புது டயருக்கு அலைன்மென்ட் செய்வது நல்லதுதான், ஆனால் நடுக்கத்துக்கு மருந்தாக அதை விற்றால் வாங்காதீர்கள். நைட்ரஜன் காற்றைப் பற்றி அந்த அளவுகூடப் பேச வேண்டியதில்லை.

உண்மையான முதல் தேர்வு மறுபேலன்சிங், அதாவது சக்கரத்தை இயந்திரத்தில் சுழற்றி, எடை மிகுந்த பக்கத்தை ஈடுகட்ட ரிம்மில் சிறு எடைகளை மறுபடி ஒட்டுவது. பெரும்பாலான நேரங்களில் குறை டயரில் இல்லை, அதைப் பேலன்ஸ் செய்த விதத்தில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. "மிஷின் சைபர் காட்டுது சார்", அதாவது எடை வேறுபாடே இல்லை, என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. எதன்மேல் வைத்துச் சைபர் காட்டியது என்பதே கேள்வி. சக்கரத்தின் நடுத்துளைக்குள் கூம்பு வடிவ இரும்பு ஒன்றைச் செருகி, வெளியிலிருந்து பெரிய திருகால் இறுக்கித்தான் அதை இயந்திரத்தில் பொருத்துகிறார்கள். நடுத்துளையின் உட்பக்கமே கார் ஹப்பில் (சக்கரம் மாட்டப்படும் அச்சுமுனையில்) அமரும் பக்கம் என்பதால், பெரும்பாலான ரிம்களுக்குக் கூம்பை உள்ளிருந்து வைப்பதே சரி. அவசரத்தில் வெளியிலிருந்து வைத்தாலோ, துளையில் துருவும் மண்ணும் ஒட்டியிருந்தாலோ, சக்கரம் மையம் தவறி அமரும். இயந்திரமும் அந்தத் தவறான மையத்துக்கு ஏற்ப எடை ஒட்டச் சொல்லிவிட்டுச் சைபர் காட்டும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. சைபர் காட்டியபின் திருகைத் தளர்த்தி, சக்கரத்தை அதே தண்டில் அரைச்சுற்று திருப்பி வைத்து, மீண்டும் இறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். 5 கிராமுக்குள் வேறுபாடு இருந்தால் வேலை சுத்தம். 15, 20 என்று காட்டினால் முதலில் காட்டிய சைபருக்குப் பொருளே இல்லை. கூடவே, பல இயந்திரங்கள் சிறிய மிச்சத்தைச் சைபராகவே காட்டிவிடும் என்பதால், நுண்ணளவைக் காட்டும் பொத்தான் இருந்தால் அதை அழுத்திப் பார்க்கச் சொல்வதும் நல்லது. இதையெல்லாம் அருகில் நின்று கேட்டுச் செய்விக்க வேண்டும். கடை பரபரப்பாக இருக்கும் சனிக்கிழமை மாலையைத் தவிர்த்து, வாரநாள் காலையில் போனால் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள்.

அங்கேயே ரிம்மின் உட்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். கறுத்த பிரேக் தூசிக்கு நடுவே சுத்தமான செவ்வகத் தடமும் காய்ந்த பசையும் தெரிந்தால், அங்கே ஒட்டிய எடை விழுந்துவிட்டது என்று பொருள். ஒரே சக்கரத்துக்கு 80, 100 கிராம் என்று அடுக்கியிருந்தால் அதுவும் நல்லதற்கல்ல. காற்றை இறக்கி, டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பி மாட்டினால் தேவைப்படும் எடை பெரும்பாலும் குறையும். எடைக்குக் கிராம் கணக்கில் காசு வாங்கும் கடையில் இதைத் தாமாக முன்வந்து செய்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மாட்டிய முதல் நாளில் திடீர் பிரேக்கும் ஆவேச வேகமும் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. டயரை ரிம்மில் ஏற்றத் தடவிய வழுக்குப் பசை காயுமுன் டயர் ரிம்மின்மேல் சற்று நகர்ந்துவிட்டால், செய்த பேலன்ஸ் அத்தனையும் இடம் மாறிவிடும்.

மறுபேலன்சிங்குக்குப் பணம் கொடுக்குமுன், ஏறக்குறையச் செலவின்றிச் செய்யக்கூடிய மாற்று ஒன்று உண்டு: முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றிப் பார்ப்பது. ஸ்டீயரிங்கில் இருந்த நடுக்கம் இருக்கைக்கும் தரைக்கும் இடம்பெயர்ந்தால், குறை முன்பு முன்னால் இருந்த இரண்டில் ஒன்றில் இருக்கிறது. சுழல்திசை அம்பு உள்ள டயராக இருந்தால் அதே பக்கத்திலேயே முன்பின்னாக மாற்ற வேண்டும். இது நோயைக் குணப்படுத்தாது. ஆனால் நான்கு சக்கரத்துக்குக் கொடுக்க இருந்த பணத்தை இரண்டோடு நிறுத்தும்.

சக்கரத்தைக் கழற்றிய அதே நேரத்தில் ஹப்பைப் பார்க்காமல் விடக் கூடாது. வெளியில் வாங்கிய அலாய் வீல்களின் நடுத்துளை, பல கார்களுக்குப் பொருந்தட்டும் என்று பெரிதாகவே இருக்கும். ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மில்லிமீட்டர், அலாயின் துளை 73.1 ஆக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் வளையம் வேண்டும். டயர் மாற்றும்போது அந்த வளையம் கழன்று கடைத் தரையிலேயே தங்கிவிடுவது உண்டு. அதன்பிறகு எந்த இயந்திரத்தில் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது. நட்டுகளைக் கடையின் இறுக்கும் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்காமல், எதிரெதிராகக் கையால் படிய வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடிப்பதும் இதோடு சேர்ந்த வேலை.

இவ்வளவும் சரியாக இருந்தும் நடுக்கம் போகவில்லை என்றால்தான் ரோடு ஃபோர்ஸ் முறைக்கு மதிப்பு. சாதாரண இயந்திரம் சக்கரத்தை அந்தரத்தில் சுழற்றி எடைப் பங்கீட்டை மட்டும் அளக்கிறது. முட்டை வடிவச் சக்கரத்தைக்கூட எடை ஒட்டி அதில் சைபர் காட்ட வைத்துவிடலாம். ரோடு ஃபோர்ஸ் இயந்திரத்தில் ஓர் உருளை டயரைச் சாலை அழுத்துவதுபோல் அழுத்திச் சுழற்றுகிறது. டயரின் ஒருபக்கம் மற்றப் பக்கத்தைவிட விறைப்பாக இருந்தாலோ, ரிம் கோணியிருந்தாலோ அதில் தெரிந்துவிடும். டயரின் விறைப்பான பகுதியை ரிம்மின் தாழ்ந்த பகுதியோடு சேர்த்து மாட்டச் சொல்லி அது இடமும் காட்டும். சில புது டயர்களின் பக்கவாட்டில் காணப்படும் சிவப்புப் புள்ளியும் இதே நோக்கத்துக்காக வைத்ததுதான். மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடத்தைக் காட்டும், அதை வால்வுக்கு நேராக வைப்பார்கள். இந்த இயந்திரம் தெருவுக்குத் தெரு கிடைக்காது, கட்டணமும் கூடுதல். ஆகவே முதல் அடியாக இதற்குப் போவதில் லாபமில்லை.

பெங்களூரின் குழிகளை நினைத்தால், ரிம் கோணியிருக்கும் வாய்ப்பைக் கடைசியில் வைக்கவும் மனம் வரவில்லை. பழைய டயர் தேய்ந்து தானே அதிர்ந்ததால் மறைந்திருந்த வளைவு, புது டயரில் தனித்துத் தெரியலாம். வண்டியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றி, ரிம் விளிம்புக்கு அருகே அசையாமல் ஒரு ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். இரும்பு ரிம் என்றால் தட்டி எடுக்கலாம். அலாயைச் சூடேற்றி நிமிர்த்தித் தருகிறார்கள் என்றாலும், விரிசல் இருந்தால் அதை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்வதை நான் ஏற்கமாட்டேன்.

டயரைத் திருப்பிக் கொடுப்பது ரிம், ஹப், பேலன்ஸ் மூன்றும் தேறியபின் எடுக்க வேண்டிய முடிவு. அதைத் தள்ளிப்போடவும் கூடாது. உற்பத்திக் குறைக்கான கோரிக்கையை நிறுவனத்தின் ஆள் வந்து பார்த்தே ஏற்பார், ஏற்றாலும் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு மாற்றித் தருவதே வழக்கம். ஆகவே பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் போனால் வாதிட வலுவிருக்காது. வேறொரு ரிம்மில் அதே டயரை மாட்டியும் அதிர்வு தொடர்ந்தது என்று காட்ட முடிந்தால், அல்லது ரோடு ஃபோர்ஸ் அளவின் அச்சுப்பிரதி கையில் இருந்தால், பேச்சு சுருக்கமாக முடியும். ரசீதோடு, டயரின் பக்கவாட்டில் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்க எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றித் தரும் டயரிலும் அதே எண்ணைப் பார்த்தபின் வாங்குங்கள்.