டேங்க்கில் மிச்சம் எவ்வளவு: மிதவையா, மின்தேக்கியா, பார்வைக் குழாயா?

பெங்களூரில் சொந்தமாகக் குட்டி விமானம் கட்டும் நம் ஆட்கள் பெட்ரோல் மீட்டர் பற்றிக் கேட்டால், நான் விலையைப் பேச மாட்டேன். கெட்டுப்போனால் அது எந்தப் பக்கம் பொய் சொல்லும் என்றுதான் பார்ப்பேன். குறைத்துக் காட்டினால் சீக்கிரம் இறங்கிவிடுவோம். கூட்டிக் காட்டினால் நடுவானில் எஞ்சின் நின்றுவிடும்.

“ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகள்ல கார் மிதவை கிடைக்குமேண்ணா” என்பார்கள். கிடைக்கும்; பெட்ரோலோடு ஏறி இறங்கி மின்தடையை மாற்றி முள்ளை நகர்த்தும் சாதனம் அது. ஆனால் வகை பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்க வகை காலியில் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம் காட்டும். ஐரோப்பிய வகை காலியில் 10, நிறைந்தால் 180. வயர் அறுந்தால் முதல் வகை ‘காலி’ என்று காட்டும், இரண்டாவது ‘ஃபுல்’ என்று காட்டும். அதனால் என் ஓட்டு 240-33க்குத்தான். ஆனால் அதிலும் வயர் உரசி பாடியில் பட்டுவிட்டால் முள் ஃபுல்லுக்குப் போய்விடும். வயரைப் பத்திரமாகக் கட்டுங்கள்.

மின்தேக்க முறை, டேங்க்குக்குள் நிற்கும் கம்பி எவ்வளவு மின்னேற்றத்தைத் தேக்குகிறது என்பதை வைத்து மட்டத்தைச் சொல்லும். அசையும் பாகமே இல்லை. தட்டையான இறக்கை டேங்க்குக்கும் ஒத்துவரும். சிக்கல் எரிபொருளில்தான். பெட்ரோலின் மின்கடவா மாறிலி (மின்தேக்கத்தை எத்தனை மடங்கு கூட்டும் என்ற எண்) சுமார் 2, எத்தனாலுக்கு 24க்கு மேல். சுத்தப் பெட்ரோலில் அளவு பிடித்துவிட்டு, 20 சதவீத எத்தனால் கலந்த பங்க் பெட்ரோலை ஊற்றினால், இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அந்தக் கலவை எஞ்சினுக்கு ஆகுமா என்பதையும் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

இறக்கை தலைக்கு மேல் இருக்கும் விமானமென்றால் நான் கைகாட்டுவது பார்வைக் குழாயைத்தான்; டேங்க்கோடு இணைந்து, பெட்ரோல் மட்டத்தைக் கண்ணுக்குக் காட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் அது. கரண்ட் வேண்டாம். குழாய்க்குப் பின்னால் சாய்கோடுகள் போட்ட அட்டையை ஒட்டுங்கள்; பெட்ரோல் இருக்கும் உயரம்வரை கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும், மட்டம் பளிச்சென்று கண்ணில் படும். மேல்முனையை டேங்க்கின் மேற்பகுதியோடு இணைக்க வேண்டும். கீழ்முனையில் அடைக்கும் வால்வு கட்டாயம்; குழாய் உடைந்தால் பெட்ரோல் நம் மடியில்தான் கொட்டும். குழாய் மஞ்சளாகி விறைத்தால் மாற்றிவிடுங்கள்.

ஃப்ளோ மீட்டர் துணைக்கு மட்டும். எஞ்சினுக்குப் போனதைத்தான் அது எண்ணும், ஒழுகியதை எண்ணாது.

எதைப் போட்டாலும், பறக்கும் நிலையில் விமானத்தை மட்டமாக நிறுத்தி (வால்சக்கர விமானமென்றால் வாலைத் தூக்கி), இரண்டிரண்டு லிட்டராக ஊற்றிக் கோடு போடுங்கள். பூஜ்யம் டேங்க்கின் அடியில் அல்ல. எஞ்சினுக்கு இனி வராது என்று டேங்க்கில் தங்கும் பெட்ரோலின் மட்டத்தில்.