செங்கல் ஓரத்தை மறைத்த செடிகள்: எது நின்றது, எது போனது

புல்தரையும் நடைபாதையும் சேரும் இடத்தில் செங்கல் வரிசை இருந்தால் கண் முதலில் அந்தக் கோட்டில்தான் போய் நிற்கும். அதை மறைக்கத்தான் ஓரச் செடிகள் வைத்தேன். சில வருடங்கள் ஆகிவிட்டதால் இப்போது தைரியமாகச் சொல்லலாம்: செடி வைக்கிறோம் என்று செங்கல்லைப் பிடுங்கிவிடாதீர்கள். செடி மேலே சரிந்து மூடட்டும், கல் அடியிலேயே இருக்கட்டும்.

காரணம் அருகம்புல். அதன் தண்டு மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து பாத்திக்கு வந்துவிடும். பிடித்து இழுத்தால் கணுவில் பட்டென்று அறுந்து, வெள்ளைத் துண்டு ஒன்று உள்ளேயே தங்கிவிடும். அது மறுபடி துளிர்க்கும். செடியின் தூருக்குள் புகுந்துவிட்டால் தூரையே தோண்டியெடுத்து, வேரை உதறிப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ஆழமாகப் புதைத்த கல் இதை முழுசாக நிறுத்தாது, ஆனால் வேலையைப் பாதியாக்கும்.

அகலம் இரண்டு அடியாவது வேண்டும். ஒரு அடிப் பட்டையில் எதை நட்டாலும் பள்ளிக்கூடப் பிரேயர் வரிசை மாதிரிதான் தெரியும். நேராக நடாமல் முக்கோணமாக மாற்றி மாற்றி நட்டால் இடைவெளி சீக்கிரம் மூடும்.

செடிகளில் என் ஓட்டு லிரியோபிக்கு. நீளமான இலை வளைந்து கல்லின் மேல் விழும், அரை நிழலையும் தாங்கும், ஊதா நிறத்தில் கதிர் கதிராகப் பூக்கும். ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டால் தூர் கட்டிச் சேர்ந்துகொள்ளும். அதனால் நிறைய வாங்க வேண்டாம். கொஞ்சம் வைத்துவிட்டு, பிறகு தூர் பிரித்து நடலாம். வருடத்துக்கு ஒரு முறை, புதுத் துளிர் வரும் முன் பழைய இலையை வெட்டிவிட்டால் போதும். இடையிடையே மழை லில்லிக் கிழங்கு போட்டிருக்கிறேன். வெறும் இலையாக இருக்கும்போது லிரியோபியோடு கலந்து, இருப்பதே தெரியாது. நல்ல மழை பெய்து சில நாளில் மொட்டுகள் ஒன்றாக எழும்பும்.

பத்துமணிப்பூ நல்ல வெயில் அடிக்கும் ஓரத்துக்கு மட்டும்தான் சரி. மேகமூட்டமான நாளில் பூ விரியாது. நாளாக ஆக அடித்தண்டு மொட்டையாகிவிடும், நுனியைக் கிள்ளி மறுபடி நட வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாவை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். மண்ணைத் தொடும் கணுவெல்லாம் வேர்விடும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு போட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஈரக் காலத்தில் இலைக்கடியில் நத்தை ஒதுங்கும். ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் எனக்குப் பலன் தந்தது. சுவரோரம் என்றால் ஒரு அடி இடம் விட்டே நடுங்கள். மண்ணும் மூடாக்கும் (மண் மேல் பரப்பும் சருகு, வைக்கோல்) சுவரில் ஒட்டிக் கிடந்தால் ஈரம் ஏறும், கரையான் ஏறுவதும் கண்ணில் படாது.

வேலிச் செடியாக வளர்க்கும் டுராண்டாவை மட்டும் வைப்பதா எடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கத்தரித்தால் மறுபடி நேர்கோடு ஆகிவிடுகிறது. விட்டாலோ காய்க்கிறது. அந்த மஞ்சள் காய் விஷம், குழந்தைகள் நடமாடும் பக்கம் வேண்டாம். அனேகமாக அடுத்த மழைக்கு முன் எடுத்துவிடுவேன்.