மூன்று வருஷமாகக் கடையில் பேசும் பெட்டி

மதுரை சிம்மக்கல் பக்கம் பருத்திப்பால் கடை வைத்திருக்கிறேன். யுபிஐ 2016-லேயே வந்துவிட்டாலும், நான் க்யூஆர் அட்டை ஒட்டியது கொரோனாவுக்குப் பிறகுதான். அப்போது பெரிய தலைவலி, "போனைக் காட்டுங்க தம்பி" என்று கேட்பது. இருபது ரூபாய்க்கு ஒருத்தரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். கேட்காமல் விட்டால் ராத்திரி கணக்குப் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்ளும்.

பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டியை மூன்று வருஷம் முன்னால் வாடகைக்கு வாங்கினேன். அந்தக் கேள்வியே ஒழிந்தது. "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்ற குரல் வரும்வரை குடித்தவரும் நகர்வதில்லை. பேரனோடு வரும் ஒரு அப்பத்தா, பெட்டியைப் பார்த்து "சரி தாயி" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பும்.

சார்ஜ் முதலில் நாலு நாள் நின்றது, இப்போது ஒன்றரை நாள். வாடகை மட்டும் குறையவில்லை. ஒலி கூட்டும் பட்டனும் அணைக்கும் பட்டனும் ஒரே வடிவம். ஈரக் கையால் ஒருநாள் அணைத்தே விட்டேன். வீட்டுக்காரி தன் ஒட்டுப் பொட்டு ஒன்றை அணைக்கும் பட்டனில் ஒட்டினாள், இப்போது தடவியே கண்டுபிடிக்கிறேன்.

நாம் ஒன்றைச் செய்தால் பொருள் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1988-லேயே எழுதியிருக்கிறாராம். டிசைன் படிக்கும் மகன் சொன்னான். லிஃப்ட் பட்டனில் விளக்கு எரியாவிட்டால் திரும்பத் திரும்ப அமுக்குகிறோமே, அதுதான்.

இந்தப் பெட்டியோ, நெட்வொர்க் போனால் வாயை மூடிக்கொள்ளும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் ராத்திரி, கடை முன்னால் நிற்க இடமில்லை. ஒரு பெரியவர் அறுபது ரூபாய் அனுப்பிவிட்டு நிற்கிறார். அவர் போனில் பச்சை டிக். பெட்டி பேசவில்லை. நான் பெட்டியை நம்பினேன். "என்னய்யா, ஏமாத்துறேன்னு நினைக்கிறீங்களா?" என்று நூறு ரூபாய்த் தாளை வைத்துவிட்டு, சில்லறைகூட வாங்காமல் போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து, பதினோரு பேர் பணத்தையும் வரிசையாகக் கத்தித் தீர்த்தது. அதில் அந்த அறுபதும் இருந்தது.

நெட்வொர்க் விளக்கு இல்லாமல் இல்லை. பெட்டியின் முதுகில், அரிசி அளவுக்கு, சுவரைப் பார்த்து எரிகிறது.

இப்போது முதுகு எனக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் சுவர்ப் பக்கம் போனதில் சத்தம் கொஞ்சம் கம்மி. அப்பத்தாதான் எட்டிப் பார்த்து, "என்ன தாயி, கோவமா?" என்று கேட்டது.