காதுக்குள்ளா, காது மேலா?

சோமனூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் காதுக்குள் செருகும் இயர்போன்தான். ரப்பர் மூடி காதுத் துளையைச் சரியாக அடைத்தால் இரைச்சல் வெளியே நின்றுவிடும். அடைக்காவிட்டால் பேஸ், அதாவது அடித்தொனி, காணாமல் போகும். பெட்டியில் இரண்டு மூன்று அளவில் மூடி வைத்துத் தருவது அதற்குத்தான். மின்தடை பெரும்பாலும் 16 முதல் 32 ஓம், குறைவுதான். சின்ன பிளேயருக்கே தாராளம்.

காதை மூடி உட்காரும் ஹெட்போனில், சென்ஹைசர் எச்டி 600 போன்ற திறந்த முதுகு வகை, அதாவது வெளிப்புறம் அடைக்காமல் விட்டது, வேறு ரகம். 300 ஓம். சின்ன பிளேயரில் செருகி முழுசாக ஏற்றினாலும் சோகையாகவே கேட்கும். ஒலியைப் பெருக்கித் தர தனி ஆம்ப் வேண்டும். ஆனால் ராத்திரி தறி நின்றபின் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால், வீணை ஓரிடம், மிருதங்கம் ஓரிடம் என்று பிரிந்து நிற்கும். பக்கத்தில் இருக்கும் அம்மிணிக்கும் கேட்கும், அது தனி வம்பு. ஈரோடு பஸ்ஸில் ஒருமுறை மாட்டிப் பார்த்தேன். கண்டக்டர் விசில்தான் கேட்டது.